பெயரை விற்ற பந்தய வீரர்

கல்யாண கோஷ்டியையும் கோயில் யாத்திரைக் கூட்டத்தையும் அடைத்துக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய டவேரா வண்டியைத் தெரியாதவர் இருக்க முடியாது. அதன் முகப்பில், கழுத்தில் கட்டும் ‘போ’ முடிச்சைப் போலப் பொன்னிறத்தில் ஒரு சின்னம் பதித்திருக்கும். அதே சின்னத்தை மணிக்கு 200 மைல் வேகத்தையும் தாண்டிப் பாயும் கார்வெட் காரிலும் காணலாம். செவர்லே என்ற பெயரைத் தாங்கி இதுவரை கோடிக்கணக்கான கார்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்கின்றன.

செவர்லே என்பது ஊரின் பெயரோ, உலோகத்தின் பெயரோ அல்ல. அது ஒரு மனிதரின் பெயர். அடர்ந்த மீசையும் ஆஜானுபாகுவான தேகமும் கொண்டவர் அவர். காரைப் பிரித்துப் பூட்டுவதிலும், அதை உயிருக்குத் துணிந்து ஓட்டுவதிலும் அவருக்கு இணையானவர்கள் அந்தக் காலத்தில் சிலரே. அவர் பெயரால் மற்றவர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள். அவரோ கடைசிக் காலத்தில் தம் பெயர் எழுதிய தொழிற்சாலையிலேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தார்.

கடிகாரக்காரர் மகன்

ஸ்விட்ஜர்லாந்தில் லா ஷோ-டு-ஃபோன் என்று ஓர் ஊர். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன மலை நகரம். அங்கே கடிகாரம் செய்து பிழைத்த ஜோசப் செவர்லேயின் வீட்டில் 1878 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, பிறந்தவர் லூயி. பெரிய குடும்பம், வருமானமோ அற்பம். சிறுவனுக்கு எட்டு வயது இருக்கும்போது, பிழைப்பைத் தேடி எல்லோரும் பிரான்சு தேசத்தில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த போன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

தந்தையின் மேஜைமேல் கிடந்த சின்னஞ்சிறு பற்சக்கரங்கள்தாம் லூயியின் முதல் பாடப் புத்தகம். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தான். பிறகு சைக்கிள் பந்தயங்களில் கலந்துகொண்டு பரிசுகள் வாங்கினான். அந்தப் பரிசுப் பணம் வீட்டுச் செலவுக்கு உதவியது.

அந்நாட்களைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. நீராவியால் ஓடும் மூன்று சக்கர வண்டியில் வந்த ஓர் அமெரிக்கச் சீமான் போன் நகரில் வண்டி நின்றுபோய்த் தவித்தாராம். கூப்பிட்டனுப்பியதன் பேரில் வந்த லூயி அதை நொடியில் சரிசெய்தானாம். அசந்துபோன சீமான், கெட்டிக்காரனுக்கு இடம் அமெரிக்காதான், அங்கே வந்துவிடு என்று சொல்லிப் போனாராம். அந்தச் சீமான் வாண்டர்பில்ட் என்னும் பெருங்கோடீசுவரக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு தூரம் மெய்யோ, பையன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது மெய்.

முதலில் பாரிஸ் போய் மோர்ஸ் கார் கம்பெனியில் தொழில் கற்றார். 1900-ஆம் ஆண்டு கப்பலேறி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் கார் ஓட்டியாகவும் மெக்கானிக்காகவும் சில மாதங்கள் கழித்தார். அங்கிருந்து நியூயார்க். அங்கும் ஒரு பட்டறை மாற்றி இன்னொரு பட்டறை. தம்பிமார் ஆர்தரும் காஸ்டனும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒரே நாளில் புகழ்

1905 மே மாதத்தில் நியூயார்க் மாரிஸ் பார்க் மைதானத்தில் ஒரு கார்ப் பந்தயம் நடந்தது. ஃபியட் கம்பெனி தன் 90 குதிரை சக்தி காரை லூயியிடம் கொடுத்தது. அவருக்கு அதுதான் முதல் கார்ப் பந்தயம். எதிரே நின்றவர் பார்னி ஓல்டுஃபீல்டு. அமெரிக்கா முழுவதும் வேகத்துக்கு மறுபெயராக விளங்கியவர் அவர். அந்த ஓல்டுஃபீல்டைப் புதுமுகமான செவர்லே தோற்கடித்தார். ஒரு மைல் தூரத்தை 53 விநாடிகூட ஆகாமல் கடந்தார். மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் அவர் பெயர்தான். அதே ஆண்டு ஜூலையில் சூசன் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்துகொண்டார்.

அந்தக் காலத்துப் பந்தயக் காரை இன்றைய காரோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. கூரை கிடையாது, இடுப்பில் கட்ட வார் கிடையாது, தலைக்கவசம் கிடையாது. ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, கையால் எண்ணெய் பம்ப் அடித்துக்கொண்டே வரவேண்டும். சக்கரம் கழன்றால் இருவரும் வெளியே போய் விழ வேண்டியதுதான். லூயி விலா எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அநேகம். 1910-ஆம் ஆண்டு வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தில் அவருடைய கார் தடம் புரண்டபோது பக்கத்தில் இருந்த மெக்கானிக் உயிரிழந்தார். இதெல்லாம் தெரிந்தும் அவர் மறுபடியும் மறுபடியும் போய் உட்கார்ந்தாரே, அது என்ன மோகமோ!

டூராண்ட் வருகிறார்

இனி வில்லியம் டூராண்ட் என்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிஷிகன் மாகாணத்து ஃபிளிண்ட் நகரில் குதிரை வண்டிகள் செய்து விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். பேச்சிலே தேன் ஒழுகும். மணலைக்கூட விற்றுவிடுவார் என்று பெயர். பியூக் கார் கம்பெனியைக் கைப்பற்றி வளர்த்து, அதைக் கொண்டு 1908-ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய ஸ்தாபனத்தை உண்டாக்கினார்.

பியூக் கார்களைப் பிரபலப்படுத்த டூராண்டுக்குப் பந்தய வீரர்கள் தேவைப்பட்டார்கள். லூயியும் ஆர்தரும் போனார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மண் பாதையில் அண்ணனையும் தம்பியையும் போட்டிக்கு விட்டுப் பார்த்தாராம் முதலாளி. அண்ணன் புழுதி பறக்க முந்தி வந்தார். ஆனால் டூராண்ட் தமது சொந்தக் காருக்கு ஓட்டியாகத் தம்பியை நியமித்துக்கொண்டார். காரணம், தம்பி ஆபத்தான வேலை எதுவும் செய்யவில்லை! அண்ணனுக்குப் பந்தயக் குழுவில் இடம் கிடைத்தது. 1909-ல் இண்டியானா மாகாணத்தில் நடந்த ஏறக்குறைய 400 மைல் தூரக் கோப் கோப்பைப் பந்தயத்தில், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, இரண்டாவதாக வந்தவரை ஒரு நிமிஷ வித்தியாசத்தில் வென்றார் லூயி.

1910-ல் டூராண்டுக்குச் சோதனைக் காலம். அளவுக்கு மீறிக் கம்பெனிகளை வாங்கிப் போட்டதால் கடன் ஏறியது. பாங்கிக்காரர்கள் புகுந்து, அவர் ஆரம்பித்த ஸ்தாபனத்திலேயே அவர் அதிகாரத்தைப் பறித்துவிட்டார்கள். மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. புதிதாக ஒரு கார், அதற்கு ஜனங்கள் ஏற்கெனவே அறிந்த ஒரு பெயர் வேண்டும் என்று யோசித்தார். செவர்லே என்ற பெயர் பந்தய மைதானங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர். காதுக்கும் இனிமையாக இருந்தது. 1911 நவம்பர் 3-ஆம் தேதி செவர்லே மோட்டார் கம்பெனி பதிவாயிற்று.

கனவுக் கார்

டெட்ராய்ட் நகரில் ஒரு சிறு பட்டறை. அதில் லூயியும், எட்டியேன் பிளான்ஷ் என்ற பிரெஞ்சுப் பெயர்கொண்ட வரைபட நிபுணரும் இரவு பகலாக உழைத்தார்கள். பிறந்த காருக்குக் ‘கிளாசிக் சிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின், 40 குதிரை சக்தி. மணிக்கு 65 மைல் வேகம் போகும். மற்றவர்கள் காரில் 20 குதிரை சக்தியும் 40, 45 மைல் வேகமும் இருந்தாலே பெருமையாகப் பேசிய காலம் அது. ஐந்து பேர் சாய்ந்து உட்காரலாம். மேடு ஏறும்போது மூச்சு வாங்காது. காரை நேசிக்கிறவன் எதை எதிர்பார்ப்பான் என்பது லூயிக்குத் தெரியும். ஏனென்றால் அவரே அப்படிப்பட்டவர். காலை அழுத்தினால் கார் பாயவேண்டும், திருப்பினால் சொன்னபடி திரும்பவேண்டும், நெடுந்தூரம் ஓடினாலும் எஞ்சின் சலிக்கக் கூடாது. இந்த மூன்றும் கிளாசிக் சிக்ஸில் இருந்தன.

விலையோ 2,150 டாலர். அந்த நாளில் ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் 600 டாலர் சுமாருக்குக் கிடைத்தது. குடியானவரும் பள்ளிக்கூட ஆசிரியரும் வரிசையில் நின்று ஃபோர்டு காரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கிளாசிக் சிக்ஸை எட்ட நின்று பார்த்து ரசித்துவிட்டு, அடுத்த கடைக்குப் போய் ஃபோர்டு வாங்கினார்கள்.

டூராண்ட் வியாபாரி. அவருக்கு உண்மை சட்டென்று விளங்கிவிட்டது. பணக்காரர் சிலருக்காகக் கார் செய்துகொண்டிருந்தால் பாங்கிக்காரர்களைப் பழிவாங்கிய மாதிரிதான்! ஃபோர்டோடு மோதவேண்டும், அதற்குச் சிறிய நாலு சிலிண்டர் கார் வேண்டும், அதன்மேல் செவர்லே என்ற பெயர் வேண்டும்.

சிகரெட் சண்டை

1913-ல் லூயி பிரான்சுக்குப் போய்த் திரும்பினார். வந்து பார்த்தால் எல்லாம் மாறிப்போயிருந்தது. தொழிற்சாலையை ஃபிளிண்டுக்கு மாற்றும் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. மலிவுக் கார்களுக்கான திட்டங்கள் மேஜைமேல் இருந்தன. தம் பெயரை ஒரு சின்ன வண்டியின் முகப்பில் ஒட்டப்போகிறார்கள் என்று அறிந்ததும் லூயிக்கு ஆத்திரம் பொங்கியது.

சண்டை வெடித்தது காரைப் பற்றி அல்ல, புகையைப் பற்றி என்று சொல்கிறார்கள். உதட்டோரத்தில் எப்போதும் ஒரு சிகரெட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வது லூயியின் வழக்கம். அது தொழிலாளி பழக்கம், கம்பெனியின் பெயரைத் தாங்கும் பெரிய மனிதர் சுருட்டுத்தான் பிடிக்கவேண்டும் என்று டூராண்ட் உபதேசம் செய்தார். லூயியின் முகம் சிவந்தது. காரை விற்றேன், பெயரையும் விற்றேன், என்னை விற்கமாட்டேன் என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டு வெளியேறினார்.

வெறும் கோபத்தோடு வெளியேறியிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தம்மிடம் இருந்த பங்குகளையும் அவர் விற்றுத் தீர்த்தார். அதுதான் அவர் வாழ்க்கையின் பெரும் பிழை.

நடந்ததைப் பாருங்கள். 490 டாலர் விலையையே பெயராக வைத்து ‘செவர்லே 490’ என்ற காரை டூராண்ட் 1916-ஆம் ஆண்டுக்கென இறக்கினார். ஃபோர்டு காரின் விலையும் அப்போது அதேதான். கார் சந்தையில் புயலாகப் புகுந்தது. ஏறிக்கொண்டே போன செவர்லே பங்குகளைக் கொடுத்து ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த டூராண்ட், 1916-ல் அந்த ஸ்தாபனத்தையே திரும்பக் கைப்பற்றிவிட்டார். குஞ்சு தாய்க்கோழியை விழுங்கிய கதை! 1918-ல் செவர்லே ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பகுதியாயிற்று. 1927-ல் விற்பனையில் ஃபோர்டையே முந்தியது. லூயி தம் பங்குகளைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தாலே குபேரர் ஆகியிருப்பார்.

இருவரில் யார் செய்தது சரி? மலிவுக் கார்தான் அன்றைக்கு ஜனங்களுக்கு வேண்டியிருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. வியாபாரத்தில் டூராண்ட் வென்றார். ஆனால் காரை வெறும் போக்குவரத்துச் சாதனமாகப் பார்க்காதவர்களின் பட்சத்தில் நின்று பேச அந்தக் கம்பெனியில் அதன்பின் வெகுகாலம் ஆள் இல்லாமல் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரண்டினாக்

வேறு காருக்குத் தம் பெயரை வைக்க வழியில்லை. அது டூராண்டின் சொத்து. ஆகவே பிரெஞ்சுக் கனடாவின் பழைய கவர்னர் ஒருவரின் பெயரை எடுத்து, ‘பிரண்டினாக்’ என்று புதுக் கம்பெனி ஆரம்பித்தார் லூயி. நோக்கம் ஒன்றே ஒன்று: பந்தயத்தில் ஜெயிக்கும் கார். எடையைக் குறைக்க அலுமினியத்தைத் தாராளமாக உபயோகித்தார். 1915-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் அவர் ஓட்டிய கார்னீலியன் என்னும் கார் ஆயிரம் ராத்தல்கூட எடை இல்லாதது. பக்கத்தில் நின்ற கார்களோடு பார்த்தால் அது பொம்மை மாதிரி இருந்தது. பாதியில் வால்வு உடைந்து நின்றுபோனாலும், பார்த்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள்.

1913 முதல் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் ஐரோப்பியக் கார்களே வென்று வந்தன. அமெரிக்கருக்கு இது தீராத அவமானம். 1920-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்காக, மன்ரோ கார்களை நடத்திவந்த முதலாளிகளின் பண உதவியோடு லூயி சில மாதங்களுக்குள் ஏழு கார்களைக் கட்டி முடித்தார். அவசர வேலைக்குப் பலன் மைதானத்தில் தெரிந்தது. ஸ்டீரிங் பாகங்கள் ஒவ்வொரு காராக உடையத் தொடங்கின. லூயியின் காரும் பாதி தூரத்தோடு நின்றது.

மிச்சமிருந்த நம்பிக்கை கடைக்குட்டித் தம்பி காஸ்டன். வயது 27. பதற்றமே இல்லாமல் ஓட்டினார். முன்னால் போய்க்கொண்டிருந்த ரால்ஃப் டி பால்மாவின் பிரெஞ்சுக் கார் கடைசிச் சுற்றுகளில் கோளாறாகிப் பின்தங்கியது. காஸ்டன் முந்தினார். மணிக்கு சராசரி 88 மைலுக்கு மேல் வேகம். 500 மைலையும் ஒரு டயர்கூட மாற்றாமல் ஓடி வென்ற முதல் வீரர் அவர்தான். எட்டு ஆண்டுக்குப் பிறகு அமெரிக்கக் கார் ஜெயித்தது. அண்ணன் கட்டிய கார், தம்பி ஓட்டிய கார். அன்று மாலை அந்தக் குடும்பத்தில் இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அந்த மகிழ்ச்சிக்கு ஆறு மாதம்தான் ஆயுள். 1920 நவம்பர் 25-ஆம் தேதி, கலிபோர்னியாவில் பெவர்லி ஹில்ஸ் மரப்பலகைப் பாதையில் காஸ்டனின் காரும் எட்டி ஓ’டானல் என்ற வீரரின் காரும் மோதின. காஸ்டனும் ஓ’டானலும் ஓ’டானலின் மெக்கானிக்கும் மாண்டார்கள். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டம் இறந்துபோன காஸ்டனுக்கே சேர்ந்தது.

லூயி அதோடு பந்தயக் கார் ஓட்டுவதை விட்டார். ஆனால் கட்டுவதை விடவில்லை. துக்கம் ஆறுவதற்கு முன்பே எட்டு சிலிண்டர் பிரண்டினாக் காரை முடித்து அனுப்பினார். 1921-ல் டாமி மில்டன் அதை ஓட்டி இண்டியானாபோலிஸில் ஜெயித்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லாத வீரர் அவர்! அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வெவ்வேறு கார்களால் அங்கே வெற்றி கண்ட முதல் கார்ச் சிற்பி லூயிதான்.

ஃபோர்டுக்கு இறக்கை

புகழ் வந்தது, பணம் வரவில்லை. பொதுஜனங்களுக்காகப் பிரண்டினாக் கார் செய்யும் திட்டம் ஒன்று இருந்தது. போருக்குப் பிந்திய வியாபார மந்தத்தில் அது கருவிலேயே கலைந்தது. கம்பெனி திவாலாயிற்று.

அப்போது ஆர்தரும் லூயியும் சேர்ந்து செய்த காரியம்தான் இந்த வரலாற்றிலேயே ரசமானது. அமெரிக்கக் கிராமங்களில் எல்லாம் கார்ப் பைத்தியம் பிடித்த வாலிபர்கள் இருந்தார்கள். அவர்களிடம் பணம் இல்லை. இருந்தது பழைய ஃபோர்டு மாடல் டி. அது 20 குதிரை சக்தி வண்டி. அவர்களுக்கு வேண்டியது வேகம். செவர்லே சகோதரர்கள் அந்த ஃபோர்டு எஞ்சினுக்கென்று மேல்வால்வு சிலிண்டர் ஹெட் வார்த்து விற்றார்கள். பழைய தலையைக் கழற்றிவிட்டு இந்தப் புதுத் தலையைப் பூட்டினால், காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போகும். சாதுப் பசு ஜல்லிக்கட்டுக் காளை ஆகிவிடும். சாலைக்கு ஒரு வகை, பந்தயத்துக்கு ஒரு வகை என்று விதவிதமாகக் கிடைத்தது. ‘ஃபிரான்டி’ என்ற செல்லப் பெயரோடு அது ஆயிரக்கணக்கில் விற்பனையாயிற்று. ஊருக்கு ஊர் மண் பாதைகளில் ஃபிரான்டி-ஃபோர்டு கார்கள் சீறின. 1923-ல் இண்டியானாபோலிஸ் பந்தயத்திலேயே அப்படி ஒரு கார், லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கார்களுக்கு நடுவில் ஓடி, ஐந்தாவதாக வந்தது. அடுத்த ஆண்டு அதே மைதானத்துக்குக் கௌரவ நடுவராக வந்த ஹென்றி ஃபோர்டு அந்த மாதிரிக் கார் ஒன்றில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

விதியின் விளையாட்டை என்ன சொல்வது? ஃபோர்டு மாதிரி மலிவுக் கார் செய்யமாட்டேன் என்று கோடிகளை உதறிய மனிதர், ஃபோர்டு காருக்குச் சாமான் செய்து வயிறு வளர்த்தார். ஆனால் இதில் வேறொரு விஷயமும் இருக்கிறது. சாதாரண மனிதன் வாங்கக்கூடிய வண்டி, அதற்குள்ளே அசாதாரண எஞ்சின் என்ற சூத்திரத்தை, தம்மை அறியாமலே, இந்தச் சகோதரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற கார் வந்தபோது அமெரிக்க இளைஞர்கள் வெறிபிடித்தது போல வாங்கினார்களே, ‘மசில் கார்’ என்று ஓர் இனமே தோன்றியதே, அதன் சூத்திரமும் இதுதான்: நடுத்தர வீட்டுக் காரின் உடம்பு, அதில் 325 குதிரை சக்தி. செவர்லே கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஷெவல் காரில் பெரிய எஞ்சினை ஏற்றியது. 1966-ல் கமாரோ என்ற காரை விட்டது. லூயி கேட்ட பாய்ச்சலும் டூராண்ட் கேட்ட விலையும் ஒரே வண்டியில் சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆகாயமும் அதள பாதாளமும்

இருபதுகளின் கடைசியில் சகோதரர்களின் பார்வை ஆகாயத்தின் பக்கம் திரும்பியது. விமான எஞ்சின் செய்யத் தொடங்கினார்கள். எஞ்சின் நன்றாகவே அமைந்தது. அண்ணன் தம்பி உறவுதான் முறிந்தது, மனஸ்தாபத்தில் பிரிந்தார்கள். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் சரிந்தது. விமான எஞ்சின் கிளென் மார்ட்டின் என்ற விமான முதலாளியின் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. லூயியிடம் எஞ்சியிருந்த கொஞ்சநஞ்சமும் கரைந்தது.

ஐம்பது வயதைத் தாண்டியவர் மறுபடியும் டெட்ராய்டுக்கு வந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பிரிவில் வேலை கிடைத்தது. வாசலில் வானளாவ எழுதியிருந்தது அவர் பெயர். உள்ளே வேலை பார்த்த எத்தனையோ பேரில் ஒருவராக அவர் போய் வந்தார். மேலே கீழே பார்க்காமல் அடுத்த எஞ்சினைக் கவனிக்கும் சுபாவம் அவருக்கு. அதனால் மற்றவர்களுக்குத் தோன்றும் அளவுக்கு அவருக்கு அது அவமானமாகத் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.

1934-ல் மூத்த மகன் சார்லஸ் இறந்துபோனார். லூயிக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு உடல் தளர்ந்தது. 1938-ல் வேலையை விட்டு, வெயில் காயும் ஃபுளோரிடாவில் மனைவியோடு சிறிது காலம் இருந்தார். நோய் முற்றிக் காலை எடுக்கும்படி ஆயிற்று. முடுக்கி மிதித்து எத்தனையோ பேரைத் தோற்கடித்த கால்! 1941 ஜூன் 6-ஆம் தேதி அவர் காலமானார். வயது 62.

எதிரணியின் கதையும் சுகமாக முடியவில்லை. டூராண்ட் 1920-ல் இரண்டாம் முறையாக ஜெனரல் மோட்டார்ஸை இழந்தார். பிறகு ஆரம்பித்த கம்பெனியும் கவிழ்ந்தது. 1936-ல் திவால் மனுக் கொடுத்தார். ஃபிளிண்ட் நகரில் பந்து உருட்டும் விளையாட்டுக் கூடம் நடத்திக் காலந்தள்ளி 1947-ல் கண்ணை மூடினார். அதற்கு முந்திய ஆண்டே, 1946-ல், ஆர்தரும் மறைந்துவிட்டார்.

பெயர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1928-லேயே பம்பாய் சிவ்ரியில் ஜெனரல் மோட்டார்ஸ் திறந்த தொழிற்சாலை வழியாக அது இந்தியாவுக்குள் வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு டவேராவாகவும் வேறு வண்டிகளாகவும் நம் தெருக்களில் உலவி, 2017-ல் இங்கே விற்பனை நின்றது. அமெரிக்காவில் கமாரோவின் உற்பத்தி 2023 டிசம்பரில் முடிந்தது. கார்வெட்டோ 2024-ல் அறிவித்த இசட்.ஆர்.1 என்னும் வகையில் 1,064 குதிரை சக்தியைத் தொட்டது. கிளாசிக் சிக்ஸின் 40 எங்கே, இது எங்கே!

லூயியின் உடலை டெட்ராய்டில் வைக்கவில்லை. இண்டியானாபோலிஸ் நகரத்துக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், இருபது ஆண்டுக்கு முன்பே போய்விட்ட தம்பி காஸ்டனுக்குப் பக்கத்தில், அடக்கம் செய்தார்கள். காஸ்டன் ஜெயித்த பந்தய மைதானமும் அந்த நகரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அங்கே 500 மைல் பந்தயம் இன்றும் நடக்கிறது.